ஹெசிகியோஸ் எழுதிய நான்கு சொற்கள்

யார் பேசினாலும் ஹெசிகியோஸின் வலது கை சும்மா இருப்பதில்லை. மீன்காரி மத்தி வந்துவிட்டதென்று கூவினாலும் ஆள்காட்டி விரல் தொடையில் கோடிழுக்கும். மனைவி டொம்னா திட்டும்போதும் அப்படித்தான். "என்னங்க, என் பேச்சையும் பலகையில ஏத்துறீங்களா?" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்துவாள். அதற்குப் பிறகுதான் அவள் இவ்வளவு நேரம் பேசியதே அவருக்கு உறைக்கும்.

முப்பது வருடமாகச் சபையின் சுருக்கெழுத்தர். ஆயர்கள் சங்கம் கூடினால் யார் என்ன சொன்னார் என்பதை மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டு, பிறகு நல்ல எழுத்தில் தாளில் எழுதித் தர வேண்டும். அந்தக் கீறல்களை அவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது. ஐந்து சங்கங்கள் பார்த்தாயிற்று. ஒரு சங்கம் சபித்தவரை அடுத்த சங்கம் ஆசீர்வதித்தது. இரண்டையும் எழுதியது அவர்தான். நகக்கண்ணில் எப்போதும் மெழுகு ஒட்டியிருக்கும். ரொட்டியை இடது கையால்தான் பிய்ப்பார்.

சவரக்கடை லாம்பாடியோஸ் விடமாட்டான். "அண்ணே, நீங்க உள்ள இருந்து கேட்டவரு. கிறிஸ்துவுக்குச் சுபாவம் தெய்வம்னு ஒண்ணா, தெய்வம் மனுஷன்னு ரெண்டா? சொல்லிட்டுப் போங்க."

"நான் எங்கப்பா கேட்டேன்? காதுல விழுறது கையில இறங்கிடும். நடுவுல நான் கிடையாது."

"பாதித் தாடியோட இருக்கும்போதே இப்படி நழுவுறாரு பாருங்க!" என்று அவன் மற்றவர்களிடம் முறையிடுவான்.

அந்த வருடம் கோடையில் சங்கம் கூடிய கோயிலின் வாசல்களைப் படைவீரர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். தடியோடு வந்த துறவிகள், "ரெண்டுன்னு சொல்றவனை ரெண்டா வெட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஆயர்களுக்கு வெற்றுத் தாள்கள் வந்தன. முதலில் கையொப்பம் போடுங்கள், முடிவைப் பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றது தலைமை. தொண்ணூறு பேருக்கு மேல் போட்டுவிட்டார்கள். மலையூர் ஒன்றிலிருந்து வந்திருந்த எலாடியோஸ் என்ற கிழ ஆயர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய போர்வையில் ஆட்டு வாடை அடித்தது.

"எனக்குப் புரியல. கையெழுத்துப் போடமாட்டேன்."

அவ்வளவுதான். கூச்சல் கிளம்பியது. கிழவர் உட்கார்ந்துவிட்டார். ஹெசிகியோஸின் கை வழக்கம்போல அதையும் கீறிவிட்டது. ஆனால் அந்த நான்கு சொற்களை மட்டும் அவர் கேட்டும்விட்டார்.

கூட்டம் கலையும்போது எழுத்தர்களின் தலைவரான திருத்தொண்டர் யூலாலியோஸ் வந்தார். "எல்லாரும் ஒரே குரலா ஆமோதிச்சாங்கன்னு போடு. அந்தக் கிழவன் வரியைத் தேய்ச்சிடு."

எழுத்தாணியைத் திருப்பித் தட்டை முனையால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற காரியம்தான். ஹெசிகியோஸ் ஆணியைத் திருப்பவும் செய்தார்.

"கை வரல, சாமி" என்றார்.

இரண்டு வீரர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் வலது கையின் இரண்டு விரல்களைப் பின்னுக்கு மடக்கி ஒடித்தான். பலகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். டொம்னா விரல்களுக்குப் பச்சிலை வைத்துக் கட்டினாள். அன்று அவள் திட்டவில்லை. கிழ ஆயரை ஒரு தீவுக்கு நாடுகடத்திவிட்டார்கள். மறு வருடமே அங்கே இறந்துபோனார்.

பிறகு புது அரசர் வந்தார். புதுச் சங்கம் கூடி, சுபாவம் இரண்டுதான் என்றது. பழைய சங்கம் செல்லாதென்று ஆகி, அதன் நடவடிக்கைகளைத் திருத்தி எழுத ஹெசிகியோஸுக்கு ஆள் வந்தது. இதற்குள் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஆணியை இடுக்கி எழுதப் பழகியிருந்தார். எழுத்தர்களின் மேசைக்குத் தலைமையில் அதே யூலாலியோஸ். அவரும் கட்சி மாறியிருந்தார்.

"வாப்பா. நடந்தது நடந்துபோச்சு" என்றார் திருத்தொண்டர், அந்தக் கையைப் பார்க்காமல். "எலாடியோஸ் ஆயரு எழுந்து நின்னு, கிறிஸ்துவுக்குச் சுபாவம் ரெண்டு, கலக்கவும் கலக்காது, பிரியவும் பிரியாதுன்னு அறிக்கையிட்டாருன்னு எழுதணும். அவரைப் புனிதர் வரிசையில வைக்கப்போறோம். நீதான் சாட்சி."

"அவரு அப்படிச் சொல்லலையே சாமி."

"சொல்ல நினைச்சிருப்பாருய்யா."

"நினைச்சதை எழுதுற எழுத்து நான் படிக்கல. சொன்னது நாலே வார்த்தை. புரியலன்னுதான் சொன்னாரு."

"புரியலன்னு சொன்னவரை வச்சுக்கிட்டு நாங்க என்னய்யா பண்றது?"

ஹெசிகியோஸுக்குக் கோபம்கூட வரவில்லை. முப்பது வருடத்து அசதி தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டில் வந்து நின்றது. வெளியே புதுத் துறவிகள் புது வாசகத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த வீரர்களில் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

அவர் எழுத்தாணியை அங்கியின் ஓரத்தில் துடைத்தார். எதுவும் கீறாத பலகையைத் திருத்தொண்டர் பக்கமாகத் திருப்பி, ஆணியை அதன்மேல் வைத்து, மெதுவாக அவர் முன்னால் தள்ளினார்.