பொட்டலத்தில் வந்த அரைஞாண் கயிறு

என் மகனின் இதயத்துக்குள் பலூன் விட்டு ஊதப் போகிறோம் என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்குக் காது குத்துகிறார் இந்த மனுஷர் என்று நினைத்தேன். எண்பதுகளின் கடைசி அது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வார்கள் என்று எங்கள் இண்டூர்ப் பக்கம் கேள்விப்பட்டிருந்தோம். பலூன் கதையை யாரும் கேட்டதில்லை.

பையன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கொஞ்சம் ஓடினாலும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் வால்வு ஒட்டிக்கிடக்கிறது, இப்படியே விட்டால் பிள்ளை தங்காது என்று தருமபுரியிலேயே சொல்லிவிட்டார்கள். மொரப்பூரில் ரயிலேறி மெட்ராஸ் போனோம். தொடையிடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை ஏற்றி, அதன் நுனியிலிருக்கும் பலூனை ஊதி வால்வைத் திறப்பார்களாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பலூன் உள்ளேயே வெடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியும் நடக்கலாம், அதற்கும் தயாராகத்தான் இருப்போம் என்றார்.

மறுநாள் காலை பையனை உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆஸ்பத்திரி ஆயாம்மா ஒருத்தி வெளியே வந்து, என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். பிரித்தேன். பையனின் அரைஞாண் கயிறு. தாயத்தோடு, கத்தரியால் வெட்டியிருந்தது.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளையின் இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. பழைய கயிறு நைந்துபோனால், புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்போம். கயிற்றை அறுத்து வெறும் இடுப்பாக்குவது பிணத்துக்கு மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டினேன். நர்ஸ் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"எம் புள்ளயக் குடுத்துருங்க. வூட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடறோம்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றாள். பிறகு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பையன் நன்றாக இருக்கிறான், குழாய் விடுகிற இடத்தைத் துடைத்துச் சுத்தம் பண்ணக் கயிறு இடைஞ்சலாக இருந்தது, அதனால்தான் வெட்டினோம் என்றாள். வாயிலே சொல்லிவிட்டு வெட்டினால் என்ன கொள்ளையா போகிறது என்று அவளிடம் கத்தினேன். வால்வு திறந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்ன பிறகும் அந்தக் கயிற்றை நான் கீழே வைக்கவில்லை.

உள்ளே விட்டதும் முதலில் அவன் போர்வையைத்தான் விலக்கினேன். நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. தொடையிடுக்கில் மட்டும் ஒரு பிளாஸ்திரி. இந்த ஓட்டை வழியாகவா இத்தனையும் நடந்தது என்று மலைத்து நின்றுவிட்டேன். காலை மடக்கினால் ரத்தம் கசியும், அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிடித்துக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கை இடுப்பைத்தான் தடவியது.

"எங் கவுறு எங்கம்மா?"

ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்த கயிற்றை விரலைப் பிரித்துக் காட்டினேன். யார் அறுத்தது என்று கேட்டான். ஊரில் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள் நான். அவன் காலை விடாமல் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அழுதேன்.