நான் பிடுங்காத கழிகள்

எங்கள் பனியாறு இறந்துவிட்டது என்று ஆய்வுக்குழுவின் தலைவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஆல்டமான்ட் கணவாயின் மாலை நெரிசலில், காற்றாலைகளுக்கு நடுவே காரில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

"இந்த ஆண்டின் அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். அது நகரவில்லை," என்றார்.

"உருகுகிறதா?" என்று கேட்டேன்.

"உருகாமல் எங்கே போகும்?"

"அப்படியானால் எப்படி இறந்தது?"

நேரில் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

பனியாறு என்ற பெயருக்கு ஒரு நிபந்தனை உண்டு. தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் அது மெல்லவேனும் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இளைத்துப்போய் நகர்வு நின்றுவிட்டால், எவ்வளவு பனி மிஞ்சியிருந்தாலும், எங்கள் துறையின் கணக்கில் அது வெறும் பனித்திட்டு; பனியாறுகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் மேற்கே, சியாரா மலைத்தொடரில், வடக்கு பார்த்த ஒரு பாறைக் குழிவுக்குள் கிடந்த எங்கள் பனியாற்றுக்கு அந்த ஆண்டு அதுதான் நேர்ந்தது.

பனி உருகுவதை அளக்கும் முறை எளிமையானது. கையால் சுழற்றும் நீண்ட துளைப்பானால் பனியில் ஆழமாகத் துளையிட்டு, அதற்குள் ஒரு கழியை இறக்குவோம். கோடை முழுவதும் பனி உருக உருகக் கழி வெளியே தெரிந்துகொண்டே வரும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் போய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அளந்தால், அந்த ஆண்டு எவ்வளவு பனி போயிற்று என்பது தெரிந்துவிடும். கழி சாய்ந்துவிட்டால் திரும்ப ஆழமாக நட வேண்டும். பல ஆண்டுகளாக அந்தக் கழிகள் என் பொறுப்பில் இருந்தன. என் மகள் தவழ்ந்ததும் நடந்ததும் கார் ஓட்டக் கற்றதும் அந்தக் கழிகளின் காலத்தில்தான்.

கழிகளின் அளவை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் எங்கள் குழுவின் தாவரவியலாளர். பனிக்குக் கீழே ஓர் ஓடையும், அதையொட்டி ஒரு புல்வெளியும் இருக்கின்றன. ஆகஸ்ட் முடிவதற்குள் மலையின் மற்ற சரிவுகள் காய்ந்து பழுத்துவிடும். இந்த ஒரு புல்வெளி மட்டும் பச்சையாக இருக்கும். ஓடைக் கற்களின் அடியில், சில்லிட்ட நீரில் மட்டுமே உயிர்வாழும் ஒரு பூச்சியின் இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பனி பின்வாங்கிச் சென்ற சரளையில், முழங்கால் உயரப் பைன் கன்றுகள் புதிதாக ஏறிவந்திருந்தன. எது போகிறது, எது வருகிறது என்பதை அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மேலே எவ்வளவு நீர் மிச்சம் என்று தெரியாவிட்டால் அவருடைய கணக்கு பாதிக் குருடாகிவிடும்.

அடுத்த வாரம் தலைவரை நேரில் பார்த்தேன். திட்டத்தை முடித்துக்கொள்ளப் போவதாகவும், முடிக்கும் முன் பனியாற்றின் அடிவாரத்தில் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தப் போவதாகவும் சொன்னார். இப்போதெல்லாம் உலகின் பல மலைகளில் விஞ்ஞானிகள் இப்படிச் செய்கிறார்கள். பூக்கள் உண்டு, புல்லாங்குழல் உண்டு, செய்தியாளர் ஒருவர் வருகிறார். நான் கழிகளைப் பிடுங்கித் தர வேண்டும். வந்தவர்கள் ஆளுக்கொன்றாக நினைவுப்பொருள் போலச் சுமந்துகொண்டு கீழே இறங்குவார்கள்.

"உங்கள் மரபில் மரணத்தைப் பற்றி அழகான சொற்கள் இருக்குமே. தமிழில் ஏதாவது சொல்லுங்களேன்," என்றார்.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாடு வரை போகும் வழக்கமில்லை. அந்த வழக்கத்தைச் சாக்காகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மறுப்பை மறுப்பாகவே சொல்ல விரும்பினேன்.

"சொல்ல மாட்டேன். கழிகளையும் பிடுங்க மாட்டேன்," என்றேன்.

அவர் என்னைக் களைப்போடு பார்த்தார். "யோசியுங்கள்," என்றார்.

வீட்டில் என் கணவர் யோசிக்கவே விடவில்லை. "ப்ராஜெக்ட்டே க்ளோஸ் ஆகப் போகுது. நீ ஒருத்தி ஃபைட் பண்ணி என்ன ஆகப் போகுது?"

"கழி நிக்கும்."

"நின்னா?"

"அடுத்த வருஷம் அளக்கலாம்."

"யார் காசுல?"

"என் லீவுல."

"இது வீம்பு," என்றார்.

"ஆமா," என்றேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலில், காகிதத் தட்டுகளில் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தபோது, பொள்ளாச்சிக்காரத் தோழியிடம் இதைச் சொன்னேன். பிளசன்டனில் எங்களுக்கு அடுத்த தெரு, மென்பொருள் வேலை, என்னைவிட இளையவள். கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க்கா, ஐஸுக்கா எழவு?"

"பூ, பாட்டு, பேச்சு எல்லாம் உண்டாம்."

"பதினாறாம் நாள் சாப்பாடு?"

"அதைக் கேக்கல."

"கேட்டு வைங்க. வடை பாயசம்னா நானும் லீவ் போட்டுட்டு வர்றேன்."

"ஆன்ட்டி, இட்ஸ் நாட் ஃபன்னி," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள்.

"அட போ கண்ணு. உங்கம்மா மூஞ்சியப் பாரு. இப்ப நாம சிரிக்கலீன்னா அவங்க அழுதுருவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே செத்துப்போச்சுங்களா?"

"இன்னும் தண்ணி குடுத்துட்டுதான் இருக்கு."

"பின்ன என்னங்க! மூச்சு இருக்கறப்பவே வாய்க்கரிசி போடறாங்களாக்கும்?"

இதையேதான் நான் ஒரு வாரமாக வரையறை, நீர்வரத்து, தரவுத்தொடர் என்ற சொற்களால் தலைவருக்குக் கடிதமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதுவதை அத்துடன் விட்டேன். அதற்குப் பதிலாகத் துளைப்பானின் முனையைத் தீட்டக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாளே நானும் தாவரவியலாளரும் மலையேறிப் புல்வெளியருகே கூடாரம் போட்டோம். காலையில் மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் நான் பனிமேல் ஏறிவிட்டேன். கோடையின் தூசி படிந்து அது சாம்பல் நிறத்தில் இருந்தது; அழுக்கான, அழகற்ற பனி. அதன்மேல் எனக்கிருந்த பிரியத்துக்கு அழகு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. முழங்காலிட்டு, அடியில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே, சாய்ந்திருந்த முதல் கழியை எடுத்துவிட்டுப் புதிதாகத் துளையிடத் தொடங்கினேன்.

இரண்டாவது துளை பாதி இறங்கியிருந்தபோது தலைவர் மூச்சிரைக்க ஏறிவந்தார்.

"பிடுங்கிவிட்டீர்களா?"

"நட்டுக்கொண்டிருக்கிறேன்."

"திட்டம் முடிந்துவிட்டது."

"வனத்துறை அனுமதி அடுத்த கோடை முடியும்வரை இருக்கிறது. வாங்கித் தந்தவரே நீங்கள்தான்."

"கீழே ஆட்கள் காத்திருக்கிறார்கள். கழிகளைத் தருவதாகச் சொல்லிவிட்டேன்."

"பூக்களைத் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள்," என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

அவர் பனிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றி இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வரப்போகும் குளிர்காலத்தில் அந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்பதும், அதற்குப் பின் பணி ஓய்வு என்பதும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை.

"நான் இதைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை," என்றார்.

துளைப்பானை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் விடைபெற வந்திருக்கிறார். விடைபெறுவதற்கு ஒரு சடலம் தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் இருவருமே ஒன்றையே நேசித்து, வெவ்வேறு விதமாக அதைக் கைவிட மறுத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லிச் சமாதானம் ஆகியிருக்கலாம், அது பொய். அவர் கைவிட்டார். நான் மறுத்தேன். ஆனாலும் அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கரைந்துபோயிற்று.

"இந்தக் கூட்டம் உங்களுக்கான பிரிவுபசாரம் என்றால் நான் வந்து முன்வரிசையில் நிற்கிறேன். இதற்கான இறுதிச்சடங்கு என்றால் வர மாட்டேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து எழுந்து, கழி எதையும் தொடாமல் இறங்கிப் போனார்.

கூட்டத்துக்குப் போனேன். முன்வரிசையில் நின்றேன். முதன்முதலில் அந்தப் பனிமேல் கால் வைத்த நாளைப் பற்றி, அப்போது அதன் விளிம்பு எங்கே இருந்தது என்பதைப் பற்றி, அவர் நன்றாகப் பேசினார். இறந்தது என்ற சொல்லை அவர் விடவில்லை, இருமுறை சொன்னார். செய்தியாளர் என்னிடம் வந்து, "நீங்கள் என்ன உணர்கிறீர்கள்?" என்றார். "இன்னும் மூன்று துளை போட வேண்டியிருக்கிறது," என்றேன். அது அவருடைய செய்தியில் வரவில்லை. புல்லாங்குழல் முடிவதற்குள் நானும் தாவரவியலாளரும் பனிமேல் இருந்தோம். வந்திருந்த மாணவியரில் இருவர், கறுப்புச் சட்டையோடு பின்னாலேயே ஏறிவந்து, "எதைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். கழியைப் பிடிக்கச் சொன்னேன்.

திட்டம் சொன்னபடியே மூடப்பட்டது. எங்கள் பனியாறு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதை நான் தடுக்க முடியவில்லை. தடுத்ததாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் மறு ஆண்டு செப்டம்பரில், அனுமதி முடிவதற்குள், விடுப்பு எடுத்துக்கொண்டு ஏறினேன். தாவரவியலாளர் வேறு மாநிலத்தில் வேலை தேடிக்கொண்டிருந்ததால், அளவுநாடாவைப் பிடிக்கப் பொள்ளாச்சிக்காரி வந்தாள். வழியெல்லாம் மூச்சு வாங்கியபடி என்னையும் மலையையும் அமெரிக்காவையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

கீழ்விளிம்பில் இருந்த கழி முற்றிலும் உருகி வெளிவந்து, சரளையில் கிடந்தது. மற்றவை நின்றன. ஒவ்வொன்றாக அளந்துகொண்டே மேலேறினோம். நான் முழங்காலிட்டு எண்ணைச் சொல்ல, அவள் கைபேசியில் பதிந்தாள். அடுத்த கோடைக்கு அனுமதி கேட்டு இந்த முறை என் பெயரிலேயே விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னேன்.

அவள் பாறைமேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டியது.

"ஏனுங்க்கா, இதையா பொணம்னாங்க?" என்றாள். "சாக்ஸெல்லாம் பிழியப் பிழியத் தண்ணி வருதுங்க."

"காயப் போடு," என்றேன். "மேலே இன்னும் ரெண்டு கழி இருக்கு."