மெட்டிக்கு வேலை இல்லையாம்!

ஒரே ஒரு ஓட்டை வேனில் ஆரம்பித்தவன் நான். இன்று ஒரகடத்தில் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற என் பஸ் பதினேழு ஓடுகிறது. இரண்டு கேன்டீன். ஆறு கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட். படிப்பு? ஐந்தாம் வகுப்பு! யாராவது கைகொடுத்தார்களா? காலை வாரிவிடாமல் இருந்திருந்தாலே புண்ணியம்.

போன மாதம் அந்த ஆறில் ஒரு கம்பெனியில், நான் அனுப்பும் ஆட்களுக்கு இன்டர்வியூ. அங்கே எச்.ஆர். மேனேஜர் பெண்களிடம் முதலில் சர்டிபிகேட்டைப் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். மெட்டி இருந்தால் ரிஜெக்ட்! கல்யாணமானவள் பிள்ளை பெற லீவு போடுவாளாம். இவரைப் பெற்றவர் என்ன, ஞாயிற்றுக்கிழமை பார்த்தா பெற்றார்?

அதனால் பெண்கள் என் பஸ்ஸிலேயே மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வார்கள். வாலாஜாபாத் செல்வி மட்டும் கழற்றவில்லை. டிப்ளமோ முடித்து மூன்று வருஷமாக வேலை தேடுகிறவர்.

"கழட்டிடுக்கா, இன்னா இப்போ?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"நான் இன்னா திருடிக்கினா வந்தேன், மறைக்கிறதுக்கு?"

டெஸ்டில் செல்விதான் முதல் மார்க். வேலை கிடைக்கவில்லை. கேட்டால், "ஸ்கில் போதாது."

மேனேஜர் ஒன்றை மறந்துவிட்டார்... எனக்கு இங்கிலீஷ் மெயில் படிக்க வராது. அதனால் எனக்கு எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான்! "அண்ணே, கல்யாணமான பொண்ணுங்க வேணாம். ஆம்பளைன்னா கல்யாணம் ஆகியிருந்தாலும் பரவால்ல" — அவர் குரலிலேயே என் போனில் இருந்தது. இத்தனை வருஷம் அதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான் நானும். மறைக்கவில்லை.

செல்வியை அழைத்துக்கொண்டு நேராக பிளான்ட் ஹெட் ரூமுக்குப் போனேன். மேனேஜரையும் வரச் சொல்லி, மெசேஜைப் போட்டேன்.

"ஆம்பளை, பொம்பளைன்னு பார்த்து ஆள் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் கீது சார். லேபர் ஆபீசர் கிட்டயும் போட்டுக் காட்டவா?" என்றேன்.

பிளான்ட் ஹெட்டுக்கு ஏசியிலும் வேர்த்தது.

"எனக்கு இன்னா ஸ்கில் கொறைன்னு மட்டும் சொல்லுங்க சார்," என்றார் செல்வி, மேனேஜரிடம்.

மேனேஜர் மறுபடி காலைப் பார்த்தார். இந்த முறை, தன் காலை!

திங்கட்கிழமை செல்வி வேலை ஆர்டரோடு புரொடக்ஷன் லைனில் நின்றார். சேஃப்டி ஷூவுக்குள் மெட்டி இருப்பது மெஷினுக்கா தெரியப்போகிறது?

நேற்று அதே கம்பெனி கேட்டில் புது போர்டு: 'அனைவருக்கும் சம வாய்ப்பு'. ரிப்பன் வெட்டியது யார்? அதே மேனேஜர்! கைத்தட்டல், போட்டோ, கேக்... செல்வியைக் கூப்பிடவில்லை. என்னையும்தான்.

சட்டப்படி நடப்பதற்கு ஒரு விழாவா? சரி, நடத்துங்கள். ஆனால் அந்த போர்டில் செல்வியின் பெயர் வரவேண்டும். அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில் — என் பெயர்!