வேப்பிலையத் தின்ன ஆடு

நான் புதுநன்ம, அதான் கோயில்ல மொத நற்கருண, வாங்க வேண்டிய வருசம். வெள்ளக் கவுனு தச்சுக் கொடியில தொங்குது. அதுக்கு லேஸு எங்கப்பா தோணியில கொழும்புக்குப் போனப்ப வாங்கியாந்தது. தொட்டுத் தொட்டே அழுக்காக்கி அடி வாங்குனேன், அது தனிக் கத, கெடக்கட்டும்.

ஞாயித்துக்கெழம பூச. வியாழக்கெழம தம்பிக்குக் காச்ச. மூணு வயசுப் பய, கஞ்சி வாயில வச்சா துப்புதான். வாயெல்லாம் புண்ணு, உள்ளங்கையில செவப்பாப் பொட்டு. அம்மா, "மாதாவே, அம்ம போட்டுட்டு"ன்னு வாசல்ல வேப்பிலயச் சொருவிட்டா. உள்ள செபஸ்தியார் படத்துக்கு மெழுவுதிரி. ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருவோம்னுதான்!

வேப்பில தொங்குனா வீட்டு ஆளுவ கோயிலுக்குப் போவக்கூடாது. அப்போ என் கவுனு? அம்மா அடுப்படிக்குப் போன நேரம் வேப்பிலய உருவிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுட்டேன். மக்ரூன் முட்டாயி திங்க மாதிரி ருசிச்சுத் தின்னுது, சனியன்.

வீடு வீடா காச்ச விசாரிக்க நர்ஸம்மா அன்னைக்குன்னு வந்தாவ. வேப்பிலயப் பாத்தா, உள்ள விடமாட்டாவன்னு வாசலோட போயிருவாவ. அதான் இல்லியே, நேரா உள்ள வந்துட்டாவ.

"ஐயோ, உள்ள வராதீய, அம்ம போட்டிருக்கு! ஏளா, வேப்பில எங்க?" அம்மா அலறுதா. நான் ஆட்டப் பாக்கேன். ஆடு என்னப் பாக்கு.

நர்ஸம்மா தம்பி சட்டையக் கழத்திட்டாவ. "நெஞ்சு, முதுகெல்லாம் சுத்தமா இருக்கு பாரும்மா. சின்னம்மன்னா இங்கனதான் மொதல்ல நீர்க்கொப்பளம் போடும். மணல்வாரின்னா கண்ணு செவந்து இருமுவான், காதுக்குப் பின்னால தொடங்கி மூஞ்சியில எறங்கும். இவனுக்குக் கை, காலு, வாயி மட்டுந்தான். இது வேற காச்ச, ஒரு வாரத்துல போயிரும். ஆறுன கஞ்சி குடு. ஒட்டும், இவன் தம்ளர யாரும் தொடாதீய."

"பெரியம்ம இல்லியே?"

"அதுன்னா மூஞ்சி இப்பிடித் தெளிவா இருக்குமா?"

அம்மா தம்பி மூஞ்சியத் தடவுதா, அழுவுதா, சிரிக்கா, திரும்பவும் தடவுதா. எனக்கு ஒரே பெரும. பாத்தியா, என் கவுனுக்காவ எப்பிடி அழுவுதான்னு!

செவ்வாக்கெழம என் உள்ளங்கையிலயும் பொட்டு. தம்பி மிச்சம் வச்ச பால ஒளிஞ்சு குடிச்சது நான்தான, வேற யாரு? ஆனா ஞாயித்துக்கெழமையே நன்ம வாங்கிட்டேன்லா!

எனக்கு முன்ன ஒரு அக்கா இருந்து, பெரியம்மையில போயிட்டான்னு, என் மூத்த மவளுக்குக் கவுனு தச்ச அன்னைக்குத்தான் அம்மா சொன்னா. அந்தப் புள்ளைக்கும் மொதல்ல வாய்ப்புண்ணுதானாம்.