பாறைத்துறையில் பங்கு கேட்டவள்

“எங்கப்பா பங்கு எனக்கு வேணும்.”

பாறைத்துறையில் நின்று எந்தப் பெண்ணும் இதைக் கேட்கக் கூடாது என்று அம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் கேட்டேன். 1962, பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 5.40. அதன் பிறகு நடந்ததை நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பி.ஏ. முடித்தவள் நான். எனக்குக் கதை கட்டத் தெரியாது.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுக்குக் கீழே ஒரு பெரிய ஏரி. அதன் மேல்கரை முழுக்கச் செங்குத்துப் பாறை. அந்தப் பாறையில் நாற்பத்திரண்டு படிகள், எந்த ராஜா வெட்டியதோ. அடியில் பரிசல் கட்டும் கல்மேடை. இங்கே மீன் பிடிக்கும் உரிமை ஐந்து பங்கு. அதில் ஒன்று அப்பாவுடையது. அவர் இறந்து இரண்டு மாதம். அந்தப் பங்கு போனால் அம்மாவுக்குச் சோறில்லை. அது வேண்டாமென்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சித்தப்பா சிங்காரம் பத்திரத்தோடு நின்றார்.

“மீனுக்கு இங்கிலீசு தெரியாது பாப்பா. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு.”

“மீனத் தலையில சொமந்துக்கினு செங்கம் சந்தைக்குப் போயி விக்கிறது யாரு? நீங்களா?”

மற்ற பங்குக்காரர்கள் தசரதன், சின்னதம்பி, கோபால்சாமி மூவரும் அங்கே இருந்தார்கள். கோபால்சாமி குறுக்கே வந்தார். “வாய மூடு பாப்பா. இங்க வேணாம்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

அன்று பிடித்த மீனை மேடையில் ஐந்து கூறாக வைத்துப் பங்கு பிரிக்க அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் பாறையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, ‘இது யாருக்கு?’ என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பேர் சொல்லுவார். ‘ஆச்சு’ என்று யாராவது சொல்லும்வரை அவர் திரும்பக் கூடாது.

6.05. சித்தப்பா திரும்பி நின்றார்.

“இது யாருக்கு?” கோபால்சாமி கேட்டார்.

“தசரதனுக்கு.”

“இது யாருக்கு?”

“சின்னதம்பிக்கு.”

மூன்றாவது கோபால்சாமிக்கு. நான்காவதும் ஐந்தாவதும், “எனக்கு... எனக்கு.” சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இது யாருக்கு?”

கோபால்சாமி வாயைத் திறக்கவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெண் குரல்.

மேடையில் ஆறாவது கூறு இருந்தது. மற்ற மீனெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. இந்த மீன் துள்ளியது.

“இது யாருக்கு?”

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது.

“மா... மாதம்மாளுக்கு.”

தசரதனும் சின்னதம்பியும் படியேறி ஓடினார்கள்.

தண்ணீர் ஓரம், கடைசிப் படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. இடது கைப் பெருவிரலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சரக்... சரக்...

“மை போவலியே தம்பி...”

6.12.

கோபால்சாமி பின்வாங்கியபடியே என்னருகில் வந்தார். மூச்சு இரைத்தது.

“உங்கப்பாவுக்கு அக்கா அவ. இருவது வருசம் முன்னாடி இங்கயே நின்னு பங்கு கேட்டா. உங்க சித்தப்பன் தண்ணியில தள்ளிட்டான்...”

“அப்புறம்?”

“செத்தது ஞாயித்துக்கெழம. பங்கு வேணாம்னு கைநாட்டு வச்சது திங்கக்கெழம. அந்தக் கைய நாந்தான் தூக்கிப் புடிச்சேன்.”

சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

சரக்...

சத்தம் நின்றது. படியில் அவள் இல்லை. ஈரக் காலடிகள் மேடைமேல் ஏறியிருந்தன. சித்தப்பாவை நோக்கி.

“பாப்பா... இருக்கியா? ‘ஆச்சு’ன்னு சொல்லு. நான் திரும்பணும்.”

ஒரு சொல். நான் சொல்லியிருக்கலாம்.

கீழே கிடந்த பத்திரத்தை எடுத்தேன். நான்காகக் கிழித்து ஆறாவது கூறின் மேல் வைத்தேன்.

“பாப்பா...”

படியேறினேன். ஓடவில்லை. நாற்பத்திரண்டையும் எண்ணிக்கொண்டே ஏறினேன்.