டூப் வராத காலை

என் கணவர் பதினைந்து வருஷம் சினிமாவில் அடி வாங்கினார். வில்லனுக்குப் பின்னால் நிற்கும் நான்கு பேரில் ஒருவர், லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர், கதாநாயகியைக் காரில் தூக்கிப் போடும் ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தயாரிப்பாளர் அவரை நம்பி ஒரு சண்டைப் படத்தை இயக்கக் கொடுத்தார். சின்ன பட்ஜெட். பிலிமை அளந்துதான் தருவார்கள். ஒரு ஷாட்டை இரண்டாவது தடவை எடுக்கும் பேச்சே கிடையாது.

நான் மறைமலைநகரில் கணக்கு டீச்சர். செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் போகும்போது ஏரியைப் பார்ப்பதோடு சரி, எந்தத் தண்ணீரிலும் கால் வைத்தவள் இல்லை. கோடை விடுமுறையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் படப்பிடிப்பு என்றதும், ஒருநாள் பார்த்துவிட்டு வரலாமென்று கூடப் போனேன்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது, கதாநாயகியின் கையைக் கட்டி, வாயில் துணி அடைத்து, அடியாட்கள் இருவர் படகில் கடத்திப் போகும் காட்சி. டூப் போடும் பெண் வரவில்லை. கதாநாயகியின் அம்மா அலையைப் பார்த்ததுமே மகளை வேனுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். படகுக்காரர் வேறு அவசரப்படுத்தினார்.

"காத்து திரும்பினா அலை ஏறிக்கும் சார். எடுக்கறதுன்னா இப்பவே எடு."

என் கணவர் மணலில் இங்கும் அங்கும் நடந்தார். பிறகு என் எதிரே வந்து நின்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்த்தார்.

"லாங் ஷாட்தாம்மா. மூஞ்சி தெரியாது. அஞ்சு நிமிஷம்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தண்ணியில எறங்கவே வேணாம். படகுல உக்காந்து திமிறணும், அவ்ளோதான். முடிச்சு சும்மா பேருக்கு, இழுத்தா அவுந்துரும். எத்தினி பேர நானே கட்டியிருக்கேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். யூனிட் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு முதல் படம். வேனுக்குள் போய் அந்தப் பெண்ணின் மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அலை உடையும் இடத்தைத் தாண்டும்போதே தண்ணீர் தெறித்துக் கயிறு நனைந்துவிட்டது. கரையில் அவர் கையை உயர்த்தினார். கேமரா ஓடுகிறது என்று அர்த்தம். திமிற ஆரம்பித்தேன். அப்போது இன்ஜின் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்ப, ஒரு அலை அப்படியே உள்ளே விழுந்தது. நான் பலகையிலிருந்து வழுக்கி, படகுக்குள் தேங்கிய தண்ணீரில் குப்புற விழுந்தேன். முகம் முழுக்க உள்ளே. கையை இழுத்தேன், முடிச்சு இன்னும் இறுகியது. வாயில் துணி, மூக்கில் உப்புத் தண்ணீர். தலையைத் தூக்கும்போதெல்லாம் அடியாளாக நடித்தவன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். அவன் தன் வேலையைச் செய்தான், பாவம்.

"கைய எடுய்யா! நடிப்பு இல்ல இது, அந்தம்மா முழிய பாரு!"

படகுக்காரர்தான் கத்தினார். என்னைப் புரட்டி, துணியைப் பிடுங்கி, வலை அறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தார்.

கரைக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவரும் சிரித்துக்கொண்டேதான் ஓடிவந்தார். கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

வீடு திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டேன்.

"நான் விழுந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஏன் கட் சொல்லல?"

"இவ இன்னாமா நடிக்கிறான்னு நெனச்சேன். அடுத்த ஷாட்ட எங்க வெக்கறதுன்னு யோசிச்சிகினு இருந்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய்தான் தேவையாக இருந்தது. அதன் பிறகு பல நாள் அவரோடு அளவாகத்தான் பேசினேன். எடிட்டிங் நடக்கும்போது ஒருநாள் அவராகவே, "அந்த ஷாட்ட தூக்கிடறேன்" என்றார்.

"தூக்கினா அதுக்குப் பதிலா இன்னொருத்திய கட்டிப் படகுல ஏத்துவீங்க. இருக்கட்டும்."

படம் செங்கல்பட்டில் ஒரு வாரம் ஓடியது. எங்கள் பள்ளி டீச்சர்களோடு போனேன். தூரத்தில் மஞ்சள் துணி ஒன்று எழுந்து எழுந்து விழுந்தது. பக்கத்திலிருந்த டீச்சர், "அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

அவருடைய இரண்டாவது படமும் சுமாராகப் போனது. மூன்றாவது பாதியில் நின்றது. ஏன் என்பது பிற்பாடு கேமராமேன் சொல்லித்தான் தெரியும். முட்டுக்காட்டில் தண்ணீரில் குதிக்க வந்த டூப் பெண், கீழே பார்த்துவிட்டு, "பயமா கீது சார்" என்றாளாம். தயாரிப்பாளர் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். இவர் பேக்கப் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதன் பிறகு யாரும் அவருக்குப் படம் கொடுக்கவில்லை. மறுபடி இன்ஸ்பெக்டர், வயதானதும் சீரியலில் மாமனார்.

பேக்கப் சொன்ன அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன, இவ்ளோ சீக்கிரம்?" என்றேன்.

"வேலை முடிஞ்சிடுச்சு. சோறு இருக்குதா?" என்று கேட்டு, கை கழுவப் போனார்.