பேச்சிமுத்து கேட்ட பெரிய ஷூ

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேச்சிமுத்துவின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாவ" என்றாள். மாரடைப்பாம். ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் சிரிக்கச் சிரிக்கப் பேசி வாழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோர் கீப்பர். ஃபிட்டர்களுக்கு வருஷம் ஒரு ஜோடி ஷூ கொடுப்போம். பேச்சிமுத்து முதலில் எட்டாம் நம்பர் வாங்கினார். பிறகு ஒன்பது, அப்புறம் பத்து. நாற்பதை நெருங்கும் ஆளுக்குக் கால் வளருமா? மச்சினன்மாருக்கு வாங்கிக் கொடுக்கிறார் என்று நானே முடிவு கட்டி, மேனேஜருக்குப் புகார் எழுதிப் போட்டேன்.

விசாரணைக்கு அந்தப் பத்தாம் நம்பர் ஷூவையே போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் கடித்துக் குதிகால் புண்ணாகியிருந்தது. மருந்து போட வந்த மில் டாக்டர் காலை விட்டுவிட்டுக் கைவிரல்களையும் மூக்கையும் தாடையையும் பார்த்தார். பழைய போட்டோ கேட்டார். கல்யாணப் போட்டோவில் இருந்தவர் வேறு யாரோ போலிருந்தார்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, விட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூக்கு வழியாகவே ஆபரேஷன். நாங்கள் பயந்துபோய்ப் பார்க்கப் போனால், "மூக்கு பெருசானதுல ஒரு லாபம் அண்ணாச்சி, டாக்டருக்கு வழி தாராளமா இருந்திருக்கும்" என்றார். தலைவலி குறைந்தது, இறுகிக் கிடந்த மோதிரம் கழன்றது. வளர்ந்த எலும்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மாத்திரையையும் வருஷாந்திர ரத்தப் பரிசோதனையையும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

போகிற இடமெல்லாம் என்னைத்தான் புகழ்வார். நம்பர் கூடுவதைக் கவனித்து, கவலைப்பட்டு மேனேஜரிடம் சொன்னது நான்தானாம். இத்தனைக்கும் விசாரணையில் என் புகாரைத் தானே வாசித்துப் பார்த்தவர் அவர். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க அண்ணாச்சி. நீங்க எழுதலேன்னா என்னைய யாரு பாத்திருப்பா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

துக்க வீட்டில் மகள் என்னைச் சொந்தக்காரர்களிடம் காட்டி, "அப்பாவக் காப்பாத்துன மாமா இவியதான்" என்றாள். நான் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

இதைப் படிக்கும் மில் நண்பர்களே, நான் கவலைப்பட்டு எழுதவில்லை. திருடுகிறார் என்றுதான் எழுதினேன். அதைத் தெரிந்தும் அவர் எனக்கு ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இனிமேலாவது அதற்குத் தகுந்தவனாக இருக்க வேண்டும்.